நடவுக் கூலியும் நாடாளுமன்றப் பேச்சும்

அவையில் யார் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எது பேசுபொருளாகிறது என்பதற்கு, சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகக் கொண்டுவந்த மசோதாவே சான்று. அது சட்டமானது 1947இல்தான். எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அதே கோரிக்கைக்காக வெளியே போராடினார்.

ஆயினும், பெண் உறுப்பினர்களை மகப்பேறு, குழந்தை நலம் ஆகியவற்றோடு நிறுத்திவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. டெல்டாவில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்க, மேட்டூர் நீர் திறப்பைப் பற்றிய பேச்சுகளில் கன அடியும் டி.எம்.சி.யும் ஒலிக்கின்றனவே தவிர, தண்ணீர் தாமதமானால் நடவுக் கூலியை இழக்கும் பெண்களைப் பற்றி நான் கேட்டது மிகக் குறைவு. 2024 முதல் மயிலாடுதுறையின் மக்களவை உறுப்பினர் ஒரு பெண். காவிரி விவாதத்தில் இந்தக் கணக்கை அவரிடம் மட்டுமன்றி, தஞ்சை, நாகை உறுப்பினர்களான ஆண்களிடமும் எதிர்பார்க்கிறேன்.