போன் ஸ்கிரீனுக்குள்ள ஒரு அவுரி நீலம்

போன வாரம் போன் கைநழுவி விழுந்து டிஸ்ப்ளே போயிடுச்சு. சர்வீஸ் கடை தம்பி பழசை கழட்டிட்டு "அண்ணே தூக்கி போட்றவா"ன்னு கேட்டாரு, வேணாம் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அதுல இண்டியம் இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்ச உலோகம்.

கண்ணாடி கரண்ட் கடத்தாது, உலோகம் கடத்தும் ஆனா மறைச்சிடும். ரெண்டு வேலையும் ஒண்ணா நடக்கணும்னா இண்டியம் ஆக்சைடோட பத்துல ஒரு பங்கு போல வெள்ளீய ஆக்சைடு கலந்து கண்ணாடி மேல கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசா பூசணும், அப்புறம் விரல் வச்ச எடத்துல மின்னூட்டம் மாறுறதை வச்சுத்தான் எங்க தொட்டோம்னு போனுக்கு தெரியுது.

இண்டியத்தை கண்டுபிடிச்ச கதைதான் எனக்கு அதைவிட பிடிக்கும். 1863, ஜெர்மனியில ஃபிரைபெர்க் ஊரு. ஃபெர்டினாண்ட் ரைஷ்ங்கற விஞ்ஞானி அங்க கிடைச்ச துத்தநாகத் தாதுல தாலியம்ங்கற இன்னொரு உலோகம் இருக்கான்னு தேடிட்டு இருந்தாரு. தாலியம் இருந்தா நிறமாலையில, அதாவது தாதுவைச் சூடாக்கும்போது வர்ற ஒளியை நிறம் நிறமா பிரிச்சுப் பார்த்தா, பச்சைக் கோடு தெரியும், ஆனா ரைஷுக்கு நிறக்குருடு, அதனால கூட வேலை பார்த்த தியோடர் ரிக்டரை பார்க்கச் சொன்னாரு. பச்சையே இல்ல, அதுவரைக்கும் யாரும் பார்க்காத ஒரு கருநீலக் கோடு! இண்டிகோ நிறம்ங்கறதால இண்டியம்னு பேரு வச்சாங்க. இண்டிகோங்கற வார்த்தைக்கே இந்தியாவுல இருந்து வந்ததுன்னுதான் அர்த்தம், நம்ம அவுரிச் செடி சாயம்தான் அது, விழுப்புரம் மாவட்டத்துல இன்னும் பயிர் பண்றாங்க. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

உலோகம்னு சொன்னாலும் நகத்தால கீறலாம், கத்தியால வெட்டலாம், 156.6 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும். வளைச்சா உள்ள இருக்கற படிகங்கள் நகர்ந்து கிறீச்னு ஒரு சத்தம் வரும். கடுங்குளிர்லயும் மென்மையாவே இருக்கறதால மிகக் குறைஞ்ச வெப்பநிலைல ஓடுற வெற்றிடக் கருவிகள்ல கசிவு வராம அடைக்க இதைத்தான் வைக்கறாங்க.

இண்டியத்துக்குன்னு பெரிசா தனி சுரங்கம் கிடையாது. துத்தநாகம் பிரிக்கறப்ப கூடவே கிடைக்கறதுதான், அதனால தேவை கூடுச்சுன்னு உடனே அதிகமா எடுத்துட முடியாது. ஃபேக்டரில பூசும்போது மிஞ்சறதை அங்கயே திரும்ப எடுத்துடறாங்க, ஆனா நாம உடைச்சுப் போடற ஸ்கிரீன்ல இருந்து எடுக்கறது ரொம்பக் கொஞ்சம், ஏன்னா ஒவ்வொண்ணுலயும் இருக்கறது அவ்ளோ மெல்லிசு.

அந்த உடைஞ்ச டிஸ்ப்ளே மேஜை மேலதான் இருக்கு, இ-வேஸ்ட் எடுக்கறவங்க வந்தா குடுக்கணும்.