பார்ட்னர் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்

தொண்டு நிறுவனங்களுக்கு இடையே சமமான கூட்டு வேண்டும் என்று சொல்லி, வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சில இப்போது அதற்கென்றே பணம் ஒதுக்குகின்றன. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், பேரிடர் உதவிப் பணத்தில் 25 சதவீதத்தையாவது உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகக் கொடுப்போம் என்று பெரிய நன்கொடையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு வலுத்திருக்கிறது. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஏழெட்டுப் பேரை வைத்து நடக்கும் சங்கங்கள் இந்தப் பணத்துக்கு விண்ணப்பித்தால் எங்கெங்கே இடறும் என்பதை, மூன்று சங்கங்களாகச் சேர்ந்து விண்ணப்பித்ததை வைத்து எழுதுகிறோம்.

முதலில் சட்டம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) வந்த 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு சங்கம் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு சங்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. வாங்குகிற சங்கத்துக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் கூடாது. அதற்கு முன்பெல்லாம் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் பெரிய நிறுவனம் மொத்தமாக வாங்கி இங்கே பிரித்துக் கொடுக்கும். பல நிதி நிறுவனங்களின் படிவம் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தலைமை அமைப்பு ஒரு கட்டம், துணை அமைப்புகள் ஒரு கட்டம், பணம் தலைமை வழியாக. அதை அப்படியே நிரப்பி அனுப்பினால் தேர்வான பிறகு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்: திட்ட அறிக்கை ஒன்று, ஒப்பந்தம் ஒவ்வொரு சங்கத்தோடும் தனித்தனி, தவணையும் தனித்தனி. நாங்கள் கேட்டபோது மறுக்கவில்லை. சட்டத்தைச் சொல்லி எழுதினால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

பொருளாகக் கைமாற்றினாலும் இதே விதிதான். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு நிவாரணம் வந்தது போல இனி வரும்போது, வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய தார்ப்பாயைப் பெரிய நிறுவனம் உள்ளூர்ச் சங்கத்தின் ஸ்டாக்கில் ஏற்றக் கூடாது. பெரிய நிறுவனமே தன் பட்டியலில், தன் ஆள் முன்னிலையில், குடும்பங்களுக்கே நேராகக் கொடுக்க வேண்டும்.

சொந்தமாக எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டுமென்றால் சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த 3 நிதியாண்டுகளில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். அந்த அளவு இல்லாத சங்கத்துக்கு முன் அனுமதி என்ற வழி உண்டு. நன்கொடையாளரிடம் தொகையும் நோக்கமும் குறிப்பிட்ட உறுதிக் கடிதம் வாங்கி, அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் கேட்கலாம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2025 ஏப்ரல் அறிவிப்பின்படி அனுமதி கிடைத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பணத்தை வாங்கி, 4 ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். விசாரணை முடிந்து அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், திட்டக் காலம் அனுமதி வந்த நாளிலிருந்து தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேதியைப் போட்டுவிட்டால், காத்திருந்த மாதங்கள் திட்டத்திலிருந்து கழிந்துபோகும்.

நம் ஊரில் அதிகம் தடங்கல் வருவது இனிஷியலில். நிர்வாகிகள் எல்லாருடைய ஆதாரையும் கேட்பார்கள். ஒருவருக்கே ஆதாரில் இனிஷியலும் பெயரும் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், சங்கப் பதிவில் ஊர்ப்பெயர் முன்னால் நிற்கும். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் ஏற்றும்போதே இது இடிக்கும். ஏழு நிர்வாகிகள் என்றால் ஏழு பேருடைய மூன்று ஆவணங்களையும் மேஜையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்திவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தொட வேண்டும். இறந்துபோன பொருளாளர் பெயர் பதிவாளர் அலுவலகக் கோப்பில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுக்குழுவில் ஆளை மாற்றிவிட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாத சங்கங்கள் நிறைய.

வெளிநாட்டுப் பணம் வந்து இறங்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி மெயின் கிளை. அங்கிருந்து பாளையங்கோட்டையில் நீங்கள் வைத்திருக்கும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் எழுதுவது டெல்லிக் கணக்காகவே இருக்கட்டும். தவறிப்போய் உள்ளூர்க் கணக்குக்கு நேராக அனுப்பிவிட்டாலும் விதிமீறல் நம் பெயரில்தான் விழும்.

இனி பட்ஜெட். கூட்டு சமமா இல்லையா என்பது இங்கேதான் தெரியும். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு, அந்த நிதியாண்டில் வந்த வெளிநாட்டுப் பணத்தில் 20 சதவீதம். பழைய ஏற்பாட்டில் நிர்வாகச் செலவுப் பங்கு முழுவதும் பெரிய நிறுவனத்தில் நின்றுவிடும். இங்கே பயிற்சிச் செலவும் டீச்செலவும் மட்டும் வரும். வாடகையும் ஆடிட்டர் ஃபீஸும் யார் கொடுப்பது என்ற கேள்வியே எழாது. தனி ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு சங்கமும் தன் 20 சதவீதத்தைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்களுக்கான வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தின் பங்கு ஆண்டுக்கு 12 லட்சம். 20 சதவீதம் 2,40,000. ஆடிட் 30,000. வாடகை, கரண்ட், இன்டர்நெட் மாதம் 6,500 வீதம் 78,000. பாதி நாள் கணக்கர் மாதம் 9,000 வீதம் 1,08,000. மீதி 24,000. செயலாளருக்குச் சம்பளம் கொடுக்க இதில் இடமே இல்லை. நிர்வாகக் குழு உறுப்பினருக்குக் கொடுக்கும் சம்பளமும் பயணப்படியும், அவர் தினமும் களத்துக்கே போனாலும், நிர்வாகச் செலவில்தான் சேரும். அதனால் கள ஒருங்கிணைப்பாளர் குழுவுக்கு வெளியே உள்ள ஆளாக இருக்கட்டும். கைக்காசைப் போட்டு உழைக்கும் செயலாளர்களுக்கு இது பெரிய அநியாயம்தான், ஆனால் விதி அப்படி இருக்கிறது.

தவணைத் தேதியையும் கவனியுங்கள். இரண்டு வருடப் பணமும் ஒரே மார்ச்சில் வந்துவிட்டால், அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு எதை வைத்து 20 சதவீதம் கணக்கிடுவது என்று ஆடிட்டர் கேட்பார். ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒரு தவணையாவது விழும்படி கேளுங்கள். செலவழித்த பிறகு ரசீதைக் காட்டி வாங்குங்கள் என்ற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். முன்பணமாகப் போட நம்மிடம் எதுவும் இல்லை. தொகை பவுண்டிலோ யூரோவிலோ இருந்தால், ரூபாய் மதிப்பு மாறிக் குறைவது எந்தத் தலைப்பில் கழியும் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் கள ஊழியர் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களில் நாங்கள் திருத்தம் கேட்டோம். 30 நாள் நோட்டீஸில் அவர்கள் விலகலாம் என்றிருந்ததை 90 நாளாக்கி, இரு தரப்புக்கும் பொதுவாக்கினோம். களத்தில் எடுத்த கணக்கெடுப்பும் படங்களும் நன்கொடையாளருக்கே சொந்தம் என்றிருந்ததை, இரு தரப்பும் பயன்படுத்தலாம், சம்பந்தப்பட்டவர் சம்மதம் வேண்டும் என்று மாற்றினோம்.

அறிக்கைகளின் தேதி ஒன்றுக்கொன்று பொருந்தாது. பல நன்கொடையாளர்களின் ஆண்டு ஜனவரியில் தொடங்கும், நம்முடையது ஏப்ரலில். வெளிநாட்டுப் பணத்துக்கான ஆண்டுக் கணக்கைக் காட்டும் எஃப்.சி.-4 படிவத்தை டிசம்பர் 31க்குள் ஏற்ற வேண்டும், பணமே வராத ஆண்டுக்கும்தான். டிசம்பரில் நெல்லையில் மழை, வெள்ளம் என்று எது வேண்டுமானாலும் வரும். செப்டம்பருக்குள் ஆடிட்டை முடித்துவிடுவது நல்லது. பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும். முடிய குறைந்தது 4 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை முழுசாகத் தமிழில் எழுதி, நிர்வாகக் குழுவில் வாசித்துத் தீர்மானம் போடுங்கள். எங்கள் ஆங்கிலப் பிரதியில் 14 பக்கம், தமிழில் 19. வாசிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. அந்த 30 நாள் நோட்டீஸ் கண்ணில் பட்டது அப்போதுதான்.