சேர் திருப்பிப் போட்ட ரீல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பள்ளியில் உயர்தரம் படித்தவர்களுக்கு ஆங்கில மன்றம் காட்டிய படங்கள் நினைவிருக்கும். பெரிய மண்டபத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, இரவல் வாங்கிய 16 மில்லிமீற்றர் புரொஜெக்டரை மேசைமேல் ஏற்றுவார்கள். விடுதிப் பெடியள் முன்வரிசையைப் பிடித்துவிடுவார்கள். 'காசாபிளாங்கா'வை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

கதை 1941 டிசம்பரில், பிரெஞ்சு மொறோக்கோவின் காசாபிளாங்கா நகரில் நடக்கிறது. ஹிட்லரின் படைக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் லிஸ்பனுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போக வழி தேடிக் காத்துக்கிடக்கும் ஊர். அங்கே மதுவிடுதி நடத்தும் அமெரிக்கன் ரிக். பாரிஸில் அவனைக் காதலித்து, சொல்லாமல் விட்டுப்போன இல்சா ஒரு நாள் இரவு கணவனோடு உள்ளே வருகிறாள். ரிக்காக ஹம்ஃப்ரி போகார்ட், இல்சாவாக இங்கிரிட் பேர்க்மன்.

பியானோக்காரன் சாமைக் கூப்பிட்டு, அந்தப் பழைய பாட்டை வாசிக்கச் சொல்கிறாள். மறந்துபோச்சு என்று அவன் மழுப்புகிறான். அவள் விடுவதாயில்லை. அவன் பாடத் தொடங்கியதும் கமரா அவள் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அவள் எதுவும் செய்வதில்லை. கண் மட்டும் மெல்ல நிறைகிறது. அந்தப் பாட்டை வாசிக்காதே என்று சொன்னேனல்லவா என்று கோபத்தோடு வரும் ரிக், சாமின் பார்வை போன பக்கம் திரும்புகிறான். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடுகிறது.

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் அந்த இடத்தில் புரொஜெக்டரை நிறுத்தினார். பின்வரிசை கூச்சல் போட்டது. அவர் அதைக் கவனிக்காமல் ரீலைப் பின்னுக்குச் சுற்றி, "இப்ப பாட்டைக் கேளாதேங்கோ, அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ" என்றார். இரண்டாம் முறை மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நடிப்பு என்றால் என்ன என்று எனக்கு யாராவது சொல்லித்தந்தார்கள் என்றால், அது அந்தச் சில நிமிடங்கள்தான்.

அப்புறம் வரும் மேசைக் காட்சியும் அதே அளவு நுட்பமானது. வாடிக்கையாளரோடு உட்கார்ந்து குடிக்காத ரிக், அன்று உட்காருகிறான். பில்லையும் தானே கட்டுகிறான். பொலிஸ் அதிகாரி ரெனோ ஆச்சரியப்பட்டு அதைச் சொல்லியும் காட்டுகிறான். பக்கத்தில் கணவன் இருக்கிறான். கடைசியாகச் சந்தித்த நாளைப் பற்றி ரிக்கும் இல்சாவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். ஜேர்மன்காரர் சாம்பல் நிறம் உடுத்தியிருந்தார்கள், நீ நீலம் உடுத்தியிருந்தாய் என்கிறான் ரிக். பாரிஸ் வீழ்ந்த நாளில் அவள் உடுத்தியிருந்த நிறத்தை இவன் மறக்கவில்லை. இதற்குமேல் ஒரு காதல் வசனம் எதற்கு?

இத்தனை நெருக்கத்தைத் திரையில் காட்டிய இருவரும் படப்பிடிப்புக்கு வெளியே அதிகம் பேசிக்கொண்டதில்லை. பேர்க்மன் சற்று உயரம் என்பதால் போகார்ட் சப்பாத்துக்குக் கட்டை வைக்க வேண்டியிருந்தது. 1942 மே மாதம் படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதையே முடிந்திருக்கவில்லை. முடிவில் நான் யாரோடு போவேன் என்று பேர்க்மன் கேட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நடி என்றார்கள். அந்த முகத்தில் நாம் காணும் தவிப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இரண்டு ஆண்களில் யாரைப் பார்த்தாலும் அவள் பார்வையில் மற்றவனுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. போகார்டோ அவளை நேரே பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவதையே நடிக்கிறார். இவர்கள் மறுபடி ஒரு படத்தில் சேரவே இல்லை.

கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்து, லண்டனுக்கு வந்தபிறகு இதைத் திரும்பப் பார்த்தேன். இந்த முறை என் கண் காதலர்களைத் தாண்டிச் சுற்றியிருந்த மேசைகளுக்குப் போனது. நகையை விற்பவர்கள், அதிகாரியிடம் கெஞ்சுபவர்கள், நேரத்தைப் போக்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள். எங்கள் லொட்ஜின் வரவேற்பறையில் இருந்தவர்கள்தான்! படத்தில் அப்படி நடித்தவர்களில் பலர் நிஜமாகவே ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகள். பிரெஞ்சுத் தேசிய கீதக் காட்சியில் கண்ணீரோடு பாடும் மடலீன் லெபோ, 1940இல் பாரிஸிலிருந்து ஓடியவர். நாஜி அதிகாரியாக நடித்த கொன்ராட் வைட்டும், மனைவி யூதர் என்பதால் ஜேர்மனியை விட்டு வந்தவர்.

1942 நவம்பர் 26இல் நியூயோர்க்கில் படம் முதலில் திரையிடப்பட்டபோது, நேசநாட்டுப் படைகள் காசாபிளாங்காவில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. யுத்தம் யார் பக்கம் முடியும் என்று நடித்தவர்களுக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது. விமான நிலையத்தில் ரிக்கும் இல்சாவும் பிரியும்போது அந்தப் பயமும் அவர்களோடு நிற்கிறது. சமாதான காலத்தில் எடுத்திருந்தால் இந்தக் காதல் இவ்வளவு கனக்காது.

அடுத்த ஒன்றுகூடலில் இதைத் திரையிடலாமா என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாம் பாடத் தொடங்கும் இடத்தில் யாரும் தேநீர் எடுக்க எழும்பாமல் இருந்தால் போதும்.