கிளாஸ்கோவில் போட்ட இரண்டாவது ஓட்டு

2021 மே 6 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்டும் வேலை விசாவும்தான். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 6 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதில் என்னால் ஓட்டுப் போட முடியவில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர் ஊருக்கு நேரில் போய் வாக்குச்சாவடியில் நின்றால்தான் ஓட்டு. தபால் ஓட்டு நமக்கில்லை. கொரோனா காலத்தில் யார் டிக்கெட் போட்டுப் போவது?

இங்கே கதை வேறு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் முன்பிருந்தே ஓட்டுரிமை உண்டு. 2020இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தங்க அனுமதி உள்ள எந்த நாட்டவரும் தன் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று விரித்தது. வயதும் 16 போதும். மாணவர் விசாவில் வந்தவர்கள்கூட ஓட்டுப் போடலாம். இது தெரியாமலே படிப்பை முடித்துக்கொண்டு திரும்பிப் போன நம் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். இதை எழுதுவதே அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்காகத்தான்.

பதிவு செய்வதில் சிரமம் எதுவும் இல்லை. அரசாங்க இணையதளத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்த நாட்டுக் குடியுரிமை, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், அவ்வளவுதான். ஏப்ரல் 19 நள்ளிரவு வரை நேரம் கொடுத்திருந்தார்கள். இங்கே வரும் இந்தியர்கள் பலர் வாக்காளர் பட்டியலில் சேர்வதே கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்பதற்காகத்தான். அது உண்மைதான், ஏறும். ஆனால் அதற்காக மட்டும் பதிந்துவிட்டு, தேர்தல் அன்று வீட்டில் இருந்துவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிரமம் பதிவு முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதிக்கு, இன்னொன்று மண்டலத்துக்கு. இந்த இரண்டாவது எதற்கு என்று விசாரித்தால் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர், "முதல் கட்சி தோற்றால் அடுத்தபடியாக யார் வேண்டும் என்று சொல்லும் ஓட்டு அது" என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னது சரியில்லை.

எனக்கு இதை ஒழுங்காக விளக்கியவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா. வந்து வெகுகாலம் ஆகிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தல் ஒன்றையும் விட்டதில்லை. "தம்பி, எங்கட நாட்டில விகிதாசாரம்தான். கட்சிக்கு ஒரு புள்ளடி (பெருக்கல் குறி), பிறகு அந்தக் கட்சியிலயே மூண்டு பேருக்கு விருப்பு வாக்கு. ஆளை நாங்களே தெரிவு செய்வம். இங்க அது கிடையாது. ஆர் முன்னுக்கு, ஆர் பின்னுக்கு எண்டு கட்சி முதலே வரிசை போட்டு வைச்சிருக்கும். நீங்கள் கட்சிக்கு மட்டும்தான் போடலாம்" என்றார். இலங்கை முறையை இதோடு ஒப்பிட்டு அவர் சொன்ன பிறகுதான் படம் தெளிவானது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் மொத்தம் 129 இடம். 73 பேர் தொகுதிகளில் நம் ஊர் போலவே வருகிறார்கள். யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார். மிச்சம் 56 இடங்களுக்கு நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஏழு என்று கட்சிப் பட்டியல் வழியாக நிரப்புகிறார்கள். தொகுதியில் ஒரு கட்சி எவ்வளவு ஜெயித்திருக்கிறதோ, அந்த அளவுக்குப் பட்டியலில் அதன் பங்கு குறையும். ஓட்டு நிறைய வாங்கியும் தொகுதி கிடைக்காத கட்சிக்கு அங்கே ஈடு கிடைக்கும். அதனால் முதல் ஓட்டு ஆளுக்கு, இரண்டாவது கட்சிக்கு. இரண்டும் தனித்தனி. இரண்டும் முழு ஓட்டு.

அண்ணா 2007ஆம் ஆண்டுக் கதையும் சொன்னார். அந்த வருடம் இரண்டு ஓட்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டிருக்கிறார்கள். அதே நாளில் உள்ளாட்சித் தேர்தலும். அதில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும், இதில் பெருக்கல் குறி போட வேண்டும். குழம்பிப்போய் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் செல்லாமல் போயின. விசாரணை வைத்து, அடுத்த தேர்தலில் தாளைப் பிரித்தார்கள், உள்ளாட்சித் தேர்தலையும் வேறு வருடத்துக்குத் தள்ளினார்கள். ஜனங்கள் தப்புப் போட்டால் தாளில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்களே, அந்த அணுகுமுறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கள் தொகுதி கிளாஸ்கோ சவுத்சைட். அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனின் தொகுதி. ஸ்காட்டிஷ் நேஷனல் பார்ட்டி என்ற எஸ்.என்.பி கட்சியின் தலைவரும் அவர்தான். அவரை எதிர்த்து நின்றவர் ஸ்காட்லாந்து லேபர் கட்சியின் தலைவர் அனஸ் சர்வார். இரண்டு கட்சித் தலைவர்கள் ஒரே தொகுதியில் மோதினார்கள்.

மே 6 வியாழக்கிழமை. லீவு கிடையாது. காலை ஏழு முதல் இரவு பத்து வரை வாக்குப்பதிவு என்பதால் வேலை முடிந்து போனேன். பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. முகக்கவசம் போட்டு, இடைவெளி விட்டு நின்றோம். கொரோனா என்பதால் பேனாவோ பென்சிலோ நாமே கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். பெயரும் முகவரியும் கேட்டார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை. பட்டியலில் என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார் அந்த அம்மா. விரலில் மை கிடையாது. நம் ஊரில் கட்சி ஏஜென்டுகள் வரிசையாக உட்கார்ந்து சரிபார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த அமைதி பழக சற்று நேரம் பிடித்தது.

இரண்டு தாள் கொடுத்தார்கள். இளம் ஊதா தாள் தொகுதிக்கு, பீச் நிறத் தாள் மண்டலத்துக்கு. ஊதாவில் வேட்பாளர்கள் கொஞ்சம் பேர்தான். பீச் தாள் நீளமாகத் தொங்கியது. கட்சிகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். வேண்டிய கட்சிக்கு நேராகப் பெருக்கல் குறி போட வேண்டும். பரீட்சைத் தாளில் தப்புக்குப் போடும் குறி என்பதால் நம் கை ஒரு நொடி தயங்கும். டிக் போட்டு வைக்காமல் அந்தக் குறியையே போடுங்கள்.

அந்த நீளத் தாளில் 'கிரீன்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. மேலே 'இண்டிபென்டன்ட் கிரீன் வாய்ஸ்'. கீழே வெகுதூரம் தள்ளி, எஸ் எழுத்தில், ஸ்காட்டிஷ் கிரீன் கட்சி. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருபவர் முதலில் எதைப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இதன் விளைவு சனிக்கிழமை தெரிந்தது.

எண்ணிக்கை வெள்ளி, சனி இரண்டு நாளும் எமிரேட்ஸ் அரீனா விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. சவுத்சைட்டில் ஸ்டர்ஜன் 19,735 ஓட்டு, சர்வார் 10,279. சர்வார் தோற்றார். கிளாஸ்கோவின் ஒன்பது தொகுதிகளையும் எஸ்.என்.பியே அள்ளியது. ஆனால் அடுத்த நாள் சர்வார் உறுப்பினர். ஊரில் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "தோத்தவன் எப்படிப்பா உள்ள வந்தான்?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பதில் பட்டியல் கணக்கில் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன்.

மண்டலத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் விழுந்த ஓட்டை, அது ஏற்கெனவே ஜெயித்த இடங்களோடு ஒன்று கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எஸ்.என்.பிக்கு 1,33,917 ஓட்டு. ஒன்பது தொகுதி ஏற்கெனவே உண்டு, அதனால் பத்தால் வகுத்தால் 13,391. லேபருக்கு 74,088, தொகுதி ஒன்றும் இல்லை, ஒன்றால் வகுத்தால் அதே 74,088. கன்சர்வேட்டிவுக்கு 37,027. கிரீனுக்கு 36,114. பெரிய எண் யாருடையதோ அவருக்கு முதல் இடம், அதாவது லேபருக்கு. இப்போது லேபரை இரண்டால் வகுத்தால் 37,044. கன்சர்வேட்டிவை விடப் பதினேழே ஓட்டு கூட. இரண்டாவது இடமும் லேபருக்கு. மூன்றாவது கன்சர்வேட்டிவ், நான்காவது கிரீன். லேபரை மூன்றால் வகுத்தால் 24,696, அது ஐந்தாவது. மிச்சம் இரண்டு இடம். லேபரை நான்கால் வகுத்தால் 18,522. கன்சர்வேட்டிவை இரண்டால் வகுத்தால் 18,513. கிரீனை இரண்டால் வகுத்தால் 18,057. ஆறாவது லேபருக்கு, ஏழாவது கன்சர்வேட்டிவுக்கு. எஸ்.என்.பியின் 13,391 வரை வரிசை இறங்கவே இல்லை.

லேபருக்கு நான்கு பேர். கட்சிப் பட்டியலிலும் பெயர் இருந்த சர்வார் அதில் ஒருவர். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான, நிரந்தரமாகச் சக்கர நாற்காலி பயன்படுத்தும் முதல் உறுப்பினரான பாம் டங்கன்-கிளான்சி இன்னொருவர். கன்சர்வேட்டிவின் இருவரில் ஒருவர் இந்திய வம்சாவளி டாக்டர் சந்தேஷ் குல்ஹானே.

கிரீன் கட்சி அந்த ஏழாவது இடத்தைப் பிடிக்க இன்னும் 914 ஓட்டு தேவைப்பட்டது. இண்டிபென்டன்ட் கிரீன் வாய்ஸுக்கு கிளாஸ்கோவில் விழுந்தது 2,210. அதில் எத்தனை பேர் பெயர் பார்த்து மயங்கிப் போட்டார்கள் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கிரீன் கட்சிக்காரர்கள் பிறகு இதை எடுத்துப் புகார் சொன்னார்கள். அந்தத் தாளைக் கையில் பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எஸ்.என்.பி அந்தத் தேர்தலில் "இரண்டு ஓட்டும் எங்களுக்கே" என்று பிரச்சாரம் செய்தது. கிளாஸ்கோவில் அந்த 1,33,917 பட்டியல் ஓட்டால் ஒரு இடம்கூடக் கூடவில்லை. எல்லாத் தொகுதியும் ஜெயித்துவிட்டதால் வந்த நிலை அது. இரண்டு மூன்று தொகுதி தோற்றிருந்தால் அதே ஓட்டு அவர்களுக்குக் கொஞ்சம் ஈடு கொடுத்திருக்கும். தொகுதி முடிவு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? ஆகவே சாமர்த்தியமாக ஓட்டைப் பிரித்துப் போடலாம் என்று ஆலோசனை சொல்பவர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மனதுக்குப் பிடித்த கட்சிக்கு இரண்டாவது ஓட்டைப் போடுவதே உத்தமம்.

சின்னக் கட்சி என்றாலே இடம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. முன்னாள் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் பட்டியலுக்கு மட்டும் நிறுத்திய ஆல்பா கட்சி நாடு முழுக்க 1.7 சதவீதம் வாங்கியது, ஒரு இடமும் இல்லை. கிரீன் கட்சி 8.1 சதவீதம் வாங்கியது. ஒரு தொகுதியிலும் ஜெயிக்கவில்லை. ஆனால் எட்டு உறுப்பினர்கள். எஸ்.என்.பி 64 இடத்தோடு பெரும்பான்மைக்கு ஒன்று குறைவாக நின்றதால், கிரீன் கட்சியோடு உடன்படிக்கை செய்து, அதன் உறுப்பினர்களில் இருவரை அமைச்சராக்கியது.

இதைப் பார்த்தபோது தமிழ்நாட்டு முடிவுதான் என் மனதில் ஓடியது. ஸ்காட்லாந்து வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, மே 2 அன்று வந்த முடிவில், நாம் தமிழர் கட்சி 234 தொகுதியிலும் நின்று ஆறரைச் சதவீதத்துக்கு மேல் வாங்கி, ஒரு இடமும் இல்லாமல் நின்றது. அந்தக் கட்சியின் பேச்சு பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். அத்தனை லட்சம் பேர் போட்ட ஓட்டுக்குச் சபையில் ஒரு நாற்காலிகூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் இந்த முறை வருமா என்று கேட்டால், தொகுதி எம்.எல்.ஏவை விட்டுக்கொடுக்காமலே இதைச் செய்யலாம் என்பதைக் கிளாஸ்கோவில் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

புதிதாக வருபவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது அடையாள அட்டை பற்றி. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் அது வேண்டாம். லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இப்போது படம் போட்ட அட்டை கட்டாயம். நம் இந்தியப் பாஸ்போர்ட்டே அதற்குப் போதும். வீட்டுக்கு வரும் வாக்காளர் சீட்டைத் தொலைத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம், பெயர் பட்டியலில் இருந்தால் ஓட்டு உண்டு. வீடு மாறினால் மட்டும் மறுபடி பதிய வேண்டும். அப்புறம், போவதற்கு முன்பு உங்கள் மண்டலத்தில் எந்தக் கட்சி யாரை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்று கவுன்சில் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டில் உள்ளே போகப்போவது அந்த ஆட்கள்தான்.