கோப்பையை வென்றும் மேலே போக முடியாத ரோசெஸ்டர்

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேமி வார்டி என்றால் எல்லோருக்கும் அவர் ஆடிய லெஸ்டர் சிட்டி கிளப்தான் ஞாபகம் வரும். எனக்கு ரோசெஸ்டர். நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரியை ஒட்டிய ஊர், கோடாக் கம்பெனி பிறந்த இடம். 2021-ல் வார்டி அங்கிருந்த ஒரு கிளப்பில் பங்கு வாங்கினார். அந்த அணியோ 2017 சீசனோடு ஆடுவதையே நிறுத்தியிருந்தது. மூடிக் கிடக்கும் கிளப்பில் ஏன் காசு போடுகிறார் என்று துழாவப் போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

ரோசெஸ்டர் ரேஜிங் ரைனோஸ் என்ற அந்தக் கிளப் முதன்முதலாக ஆடியது 1996-ல். அமெரிக்காவின் உச்ச கால்பந்து லீக்கான எம்எல்எஸ் தொடங்கியதும் அதே வருடம்தான். ரைனோஸ் ஆடியது அதற்குக் கீழே இருந்த ஏ-லீக்கில். சொந்த மைதானம்கூடக் கிடையாது, பேஸ்பால் மைதானத்தில் கோடு போட்டு ஆடினார்கள். ஆனால் கூட்டம்! தொண்ணூறுகளின் கடைசியில் சராசரியாகப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

மேல் லீக், கீழ் லீக் என்று பார்க்காமல் எல்லா அணிகளும் மோதிக்கொள்வது யு.எஸ். ஓபன் கோப்பையில்தான். ரைனோஸ் தங்கள் முதல் வருடமே அதன் இறுதிப் போட்டிக்குப் போய் டி.சி. யுனைடெட்டிடம் 0-3 என்று தோற்றார்கள். சரி, அதிர்ஷ்டத்தில் வந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1999-ல் மறுபடி வந்தார்கள். முந்தைய சாம்பியன் சிகாகோ ஃபயர், அப்புறம் டல்லாஸ் பர்ன், அப்புறம் கொலம்பஸ் க்ரூ. வரிசையாக மூன்று எம்எல்எஸ் அணிகள் காலி. இறுதிப் போட்டியில் கொலராடோ ராபிட்ஸ், அதுவும் எம்எல்எஸ்தான். டக் மில்லர் ஒரு கோல், கடைசி நேரத்தில் யாரி ஆல்நட் இன்னொரு கோல், 2-0. எம்எல்எஸ் வந்த பிறகு, அதில் இல்லாத ஓர் அணி இந்தக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

இங்கிலாந்து மாதிரி, ஜெயிக்கும் அணி மேல் லீக்குக்கும் தோற்கும் அணி கீழ் லீக்குக்கும் போகும் நாடாக இருந்தால், 1998, 2000, 2001 என்று லீக்கையும் மூன்று முறை வென்ற அணி தானாக மேலே போயிருக்கும். அமெரிக்காவில் அந்த ஏணியே கிடையாது. எம்எல்எஸ்ஸில் இடம் வேண்டுமா, காசு கொடுத்து வாங்க வேண்டும், நல்ல மைதானமும் காட்ட வேண்டும். ரோசெஸ்டர் அதையும் நம்பி மைதானம் கட்டியது. 2006-ல் திறந்தார்கள். அதே ஏரியின் மறுகரையில் இருக்கும் டொரன்டோ ஒரு கோடி டாலர் கட்டி 2007-ல் எம்எல்எஸ்ஸுக்குள் போய்விட்டது. ரோசெஸ்டருக்கு மிஞ்சியது கடன். 2008-ல் கிளப் கைமாறியது. என்னைக் கேட்டால், இந்தக் கிளப்பைச் சாய்த்தது களத்தில் வாங்கிய எந்தத் தோல்வியும் இல்லை, இந்த மைதானம்தான்.

அதற்குப் பிறகும் 2015-ல் பாப் லில்லி பயிற்சியில் லீக்கில் ஒரு சீசன் முழுக்கத் தோற்கவே இல்லை. 17 வெற்றி, 11 டிரா. இறுதிப் போட்டியில் எல்.ஏ. கேலக்ஸியின் இரண்டாம் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று பட்டம். எனக்கு 1999-ஐவிட இந்த சீசன் மேல் ஆச்சரியம் அதிகம். இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள் என்பதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வார்டி வந்த பின் பெயர் ரோசெஸ்டர் நியூயார்க் எஃப்சி ஆனது. 2022-ல் எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோ லீக்கில் ஆடினார்கள். மற்ற எல்லாமே எம்எல்எஸ் கிளப்புகளின் இரண்டாம் அணிகள், இவர்கள் மட்டும் தனிக்கட்டை. ஒரே சீசன்தான். 2023 மார்ச்சில் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள்.

2022 ஓபன் கோப்பையில் கீழ் லீக் அணியான சாக்ரமென்டோ ரிபப்ளிக் இறுதிவரை போனபோது, சாதனையைப் பங்குபோட ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆர்லாண்டோ சிட்டி 3-0 என்று அடித்து அனுப்பிவிட்டது. 2024-ல் எம்எல்எஸ் தன் முதல் அணிகளில் வெறும் 8-ஐத்தான் அந்தக் கோப்பைக்கு அனுப்பியது. ஆட்டம் அதிகமாம், அட்டவணை நெருக்கடியாம். கீழ் லீக்கில் இருப்பவனிடம் தோற்பதற்குக்கூட இவர்களுக்கு நேரமில்லை.