கதிரையும் ஏலத்தில

கொழும்பு 7இல ஒரு சர்வதேச தொண்டு நிறுவனம் வாடகை வீட்டைக் காலி செய்யுது. கதிரை, மேசை, ஏசி எல்லாம் ஏலத்தில. வெள்ளை ஜீப்பில ஸ்டிக்கரை உரிச்ச இடம் மட்டும் பளிச்செண்டு தெரியுது. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தினதும், ஜூலையில அந்த உதவியைக் குடுத்து வந்த அரச நிறுவனமான யுஎஸ்எய்ட்டை மூடினதும் எங்கட தெரு வரைக்கும் வந்திட்டுது.

உதவி குடுக்கிற முறையில ஒரு மாற்றம் எனக்குப் பிடிச்சிருக்கு: பொதிக்குப் பதிலாக் காசு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த வெக்கைக்குள்ள குளிர் ஜாக்கெட் அனுப்பினவையும் இருக்கினம்! கணக்கில காசு விழுந்தா, காஸ் சிலிண்டரா பிள்ளைக்குச் சப்பாத்தா எண்டதை உதவி வாங்கிற அம்மாவே முடிவெடுப்பா.

ஆனா "உள்ளூர் அமைப்புகளுக்கு முன்னுரிமை" எண்ட கதைதான் வயித்தெரிச்சல். 2016இல இஸ்தான்புல்ல நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில, நிதி குடுக்கிற நாடுகளும் பெரிய உதவி நிறுவனங்களும் 2020க்குள்ள மனிதாபிமான நிதியில 25 வீதத்தை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் குடுக்கிறதெண்டு சம்மதிச்சவை. கிட்டவும் போகேல்லை. மட்டக்களப்பில இருக்கிற சின்ன அமைப்பின்ர தலையில வேலை முழுக்க விழுது. அலுவலக வாடகைக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் சதம் வராது. ஒவ்வொரு பில்லுக்கும் மூண்டு கொப்பி மட்டும் கேப்பினம்.

"நாங்கள் மாறீட்டம்" எண்டு பெரிய ஹோட்டல்ல கூட்டம் வைக்கிறவை, முதலில அந்தச் சின்ன அமைப்பின்ர வாடகையைக் குடுக்கட்டும். பிறகு கதைப்பம்.