சி.பி.எஸ்.ஐ. இரண்டாவது முயற்சியில் பாஸ்: முதலில் அட்டையை வெட்டுங்கள்

போன வாரம் சி.பி.எஸ்.ஐ. ரிசல்ட் வந்தது. பிளேகிரவுண்ட் பாதுகாப்பாக இருக்கிறதா என்று சோதிப்பவர்களுக்கான சான்றிதழ் பரீட்சை அது. பாஸ். முதல் தடவை கோட்டை விட்ட பரீட்சை என்பதால் அந்த மெயிலை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

நியூ ஜெர்சியில் ஒரு நகராட்சியின் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் பிரிவில் ஆறு வருஷமாக வேலை. தினமும் பிளேகிரவுண்டில்தானே நிற்கிறோம், நமக்குத் தெரியாததா என்று முதல் தடவை போனேன். அங்கேதான் அடி விழுந்தது. நம் பிரிவின் வழக்கத்தை யாரும் கேட்கப்போவதில்லை. பிளேகிரவுண்ட் சாதனங்களுக்கான தரநிலையான எஃப் 1487 என்ன சொல்கிறது, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சி.பி.எஸ்.சி.யின் கையேடு என்ன சொல்கிறது, அவ்வளவுதான். எங்களிடம் ஸ்லைடுக்கு அடியில் கிடக்கும் மரச்சிராயைக் காலால் கிளறிப் பார்த்து "போதும்" என்பார்கள். கையேடு சொல்லும் 9 இன்ச், கொட்டும்போது இருக்கும் ஆழம் இல்லை. மிதிபட்டு அமுங்கிய பிறகும் நிற்க வேண்டிய ஆழம். 12 இன்ச் கொட்டினால்தான் 9 மிஞ்சும்.

இரண்டாவது தடவை புதிதாகச் செய்ததில் முக்கியமானது ஒன்றுதான். பார்சல் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து இரண்டு துண்டு வெட்டினேன். 3.5க்கு 6.2 இன்ச்சில் ஒரு செவ்வகம்: சின்னக் குழந்தையின் உடம்பு. 9 இன்ச் விட்டத்தில் ஒரு வட்டம்: பெரிய குழந்தையின் தலை. மாடிப்படிக் கம்பி, நாற்காலி முதுகு என்று வீடு முழுக்க நுழைத்துப் பார்த்தேன். மகளின் பங்க் பெட் ஏணியில், இரண்டு படிக்கு நடுவே செவ்வகம் சத்தமில்லாமல் வழுக்கி உள்ளே போனது. வட்டம் விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. என் கையும் அப்படியே நின்றது. கால் போகும், இடுப்பு போகும், தோள் போகும், தலை மட்டும் மாட்டும். காலுக்குக் கீழே தரை இருக்காது. அதற்கப்புறம் "இடைவெளி 3.5 இன்ச்சுக்கும் 9 இன்ச்சுக்கும் நடுவே இருக்கக் கூடாது" என்பதை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

கையால் தொட்டால்தான் எனக்கு மண்டையில் ஏறும். குழுவாகப் படித்தது எனக்கு ஒத்துவரவில்லை. பேச்சில் நேரம் போய்விடுகிறது. தனியாக, டேப்போடு, பார்க்கில் படியுங்கள்.

நான் குழம்பிய இடங்கள்:

- ஊஞ்சலின் யூஸ் ஸோன், அதாவது சுற்றிலும் காலியாக விட வேண்டிய இடம். சாதாரண ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், மேலே தொங்கும் புள்ளியிலிருந்து தரை வரை உள்ள உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. 8 அடி என்றால் 16 அடி. சின்னக் குழந்தையைச் சுற்றிப் பிடிக்கும் பக்கெட் ஊஞ்சலுக்குத் தரை வரை அளக்கக் கூடாது, இருக்கை வரைதான்.
- வயது. எஃப் 1487 இரண்டு வயதில் தொடங்குகிறது. கையேடு 6 மாதத்தில். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதுதான் முதல் தடவை நான் செய்த பெரிய தப்பு. தனித்தனி நோட்டு போடுங்கள்.
- தரையே கீழ் விளிம்பாக இருக்கும் இடைவெளிக்கு அந்த 3.5–9 விதி இல்லை.
- விழும்போது தரை தரும் அதிர்ச்சியின் அளவுகள்: ஜி-மேக்ஸ் 200, தலைக்காய அளவான எச்.ஐ.சி. 1000. இவற்றைத் தாண்டக் கூடாது. இதில் மட்டும் மனப்பாடம் தவிர வழியில்லை.

"என்.ஆர்.பி.ஏ.வுக்குக் கட்டுகிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். பார்க், பொழுதுபோக்குத் துறையினருக்கான அமெரிக்கத் தேசியச் சங்கம் அது; இந்த சர்டிபிகேட்டைக் கொடுப்பதும் அதுதான். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். அந்தச் சங்கத்தின் வேரே விளையாட்டுத் திடல்தான். 1906இல் வாஷிங்டனில் 'பிளேகிரவுண்ட் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா' என்று தொடங்கினார்கள். லூதர் குலிக் தலைவர், ஜேன் ஆடம்ஸும் கூட இருந்தார். அதன் வழிவந்த அமைப்பும் வேறு நாலு அமைப்புகளும் 1965இல் ஒன்றாகி இப்போதைய சங்கம் ஆனது. சட்டம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நம்மைப் போன்றவர்களுக்கு சி.பி.ஆர்.பி. (பார்க், பொழுதுபோக்குப் பணியாளருக்கான சான்றிதழ்), சி.பி.எஸ்.ஐ., துறைகளுக்கு காப்ரா அங்கீகாரம் என்று ஒரு பொது அளவுகோலைக் கையில் கொடுக்கிறது. சின்ன ஊரில், பட்ஜெட் மீட்டிங்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

எங்கள் பார்க் ஒன்றில் ஏறுமேடைக்கும் தடுப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி. போன வருஷமே சொன்னேன். "இருபது வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்று எங்கள் மேலதிகாரி முடித்துவிட்டார். அப்போது என்னிடம் வெறும் பயம்தான் இருந்தது, அளவு இல்லை.

சர்டிபிகேட் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். தேதியை இப்போதே காலண்டரில் போட்டு வையுங்கள்.

இந்தத் திங்கட்கிழமை, நான் அட்டையில் வெட்டிய அதே வடிவங்களின் நிஜமான அளவுக் கருவிகளை (புரோப்) எடுத்துக்கொண்டு அந்த மேலதிகாரியையே அந்த மேடைக்குக் கூட்டிப்போனேன். செவ்வகத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். உள்ளே போனது. வட்டத்தைக் கொடுத்தேன். நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டிக்குப் போய் மஞ்சள் டேப் எடுத்துவந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டினோம்.